யார் பதில் சொல்லவில்லை?

குற்றாலத்தில் பேரருவியின் தண்ணீர் மெலிந்துவிட்டால், வெளியூரிலிருந்து குளிக்க வந்தவர் பாறையைப் பார்த்து முகம் சுளிப்பார். உள்ளூர்க்காரர் பாறையைப் பார்ப்பதே இல்லை. தலையை நிமிர்த்தி மலையைப் பார்ப்பார். "மேலே மழை இல்லை" என்று மூன்றே சொற்களில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார். நம் கண்முன் விழுகிற தண்ணீர், தேனருவியிலும் செண்பகாதேவியிலும் விழுந்து எழுந்து, சிற்றாறாக ஓடிவந்து, கடைசியில்தான் நம் தலையில் விழுகிறது என்பது அவருக்குத் தெரியும். குறை கீழே தெரிகிறது. காரணம் மேலே இருக்கிறது.

இவ்வளவு தெளிந்த ஞானம் படைத்த தென்காசிச் சீமையிலேயே, கம்ப்யூட்டர் என்று வந்துவிட்டால் எல்லோரும் பாறையைத் திட்டுகிறவர்களாக மாறிவிடுகிறோம். அது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். யோசிக்க யோசிக்க, அது அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு சரித்திரமாக நீண்டுவிட்டது. அந்தச் சரித்திரத்தைத்தான் வாசகர்களுக்குச் சொல்ல உத்தேசம்.

விஷயம் இதுதான். காலை பத்து மணி. பல யந்திரங்களை ஒரே வலையில் பிணைத்து வைத்திருக்கும் ஏதோ ஓர் ஆபீஸ். குமாஸ்தா தம் பெயரைத் தட்டுகிறார். பாஸ்வேர்டு என்னும் ரகசியச் சொல்லையும் தட்டுகிறார். திரையில் "வெல்கம்" என்ற வார்த்தை தோன்றுகிறது. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. "வாருங்கள், வாருங்கள்" என்று வாய் நிறைய அழைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் உள்ளேயே நிற்கும் வீட்டுக்காரரைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படி இருக்கிறது அந்த உபசாரம்!

ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சுரண்டையிலிருந்து வந்த ஒரு பெரியவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறார். கடையத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், இடுப்புக் குழந்தையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறாள். "மிஷின் பழசு. புதுசு கேட்டு எழுதியிருக்கோம்" என்கிறார் குமாஸ்தா. பெரியவர் தலையை ஆட்டுகிறார். பழசானால் எல்லாம் மெதுவாகத்தான் போகும் என்பது அவருக்கு அநுபவத்தில் தெரிந்த உண்மை. ஆகவே நம்பிவிடுகிறார்.

ஆனால் அது உண்மை அல்ல. பெரும்பாலும் அந்த யந்திரம் அப்போது எந்த வேலையும் செய்வதில்லை. அதுவும் அந்தப் பெரியவரைப்போலவே வேறு எங்கோ ஒரு ஜன்னலில் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது!

*

ஒரு யந்திரம் தன் கதவைத் திறப்பதற்கு இன்னொருவரைக் கேட்க வேண்டிய நிலைமை எப்படி வந்தது?

ஆதியில் கதவே இல்லை. ஒரு பெரிய ஹால் முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த யந்திரத்துக்கு முன்னால், ஒரு சமயத்தில் ஒருவருடைய வேலைதான் நடந்தது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். 1961-ஆம் வருஷம் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கோர்படோ என்பவரும் அவருடைய சகாக்களும், ஒரே யந்திரத்தைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை நடத்திக் காட்டினார்கள். பல பேர் ஒரே வீட்டில் குடியேறினால் ஆளுக்கொரு பெட்டியும் பெட்டிக்கொரு பூட்டும் வேண்டுமல்லவா? அந்தப் பூட்டுத்தான் பாஸ்வேர்டு.

பூட்டு வந்தால் கள்ளச் சாவியும் வரும். மறு வருஷமே வந்துவிட்டது! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்தில் ஒதுக்கியிருந்த யந்திர நேரம் போதவில்லை. எல்லோருடைய ரகசியச் சொற்களும் அடங்கிய பட்டியலை அச்சடித்துத் தரும்படி ஓர் அட்டையில் துளையிட்டுப் போட்டார். யந்திரம் மறு பேச்சுப் பேசாமல் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. பிறருடைய நேரத்தில் அவர் தம் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டார். ரகசியத்தை எங்கே வைப்பது, யாரிடம் ஒப்புவிப்பது என்ற கவலை அன்றிலிருந்து கம்ப்யூட்டர் உலகத்தை விடவில்லை.

பிறகு யந்திரங்கள் சிறுத்தன, பெருகின, வலையில் பிணைந்தன. 1983-ல் அதே கழகத்தில் 'அதீனா திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எந்த மாணவரும் எந்த யந்திரத்தின் முன்னாலும் உட்காரலாம்; அவருடைய காகிதங்கள் வலை வழியாக அவரைத் தேடி வரும். ஆயிரம் யந்திரங்களிலும் எல்லோருடைய ரகசியத்தையும் எழுதி வைப்பது பைத்தியக்காரத்தனம். ஆகவே ரகசியங்களை ஒரே இடத்தில், ஒரு வாயிற்காவலரிடம் வைத்தார்கள். ரோஜர் நீடாம், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் 1978-ல் எழுதிய ஒரு கட்டுரையை அடிப்படையாகக் கொண்டு ஸ்டீவ் மில்லர், கிளிஃபோர்டு நியூமன் முதலியோர் வகுத்த அந்த முறைக்குக் 'கெர்பரோஸ்' என்று பெயர். கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்து வாசலைக் காக்கும் மூன்று தலை நாய் அது. நம் ஊராக இருந்தால் 'துவாரபாலகர்' என்று அழகாகப் பெயர் வைத்திருப்போம், போகட்டும்.

இந்தத் துவாரபாலகரின் நடைமுறையைப் புரிந்துகொள்ளத் தென்காசி வாசகர்களுக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. ரயில்வே ஸ்டேஷன் வரை போனால் போதும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து கொல்லம் வரை ரயில் ஓட ஆரம்பித்தது 1904-ல். ஒற்றைப் பாதை. எதிரும் புதிருமாக இரண்டு வண்டிகள் கிளம்பிவிட்டால் கதி என்ன? தென்னாட்டின் ஒற்றைப் பாதைகளில் இதற்காக வெகு காலம் டோக்கன் முறை இருந்தது. என்ஜின் டிரைவரின் கையில் டோக்கன் இல்லாமல் வண்டி புறப்படக் கூடாது. அந்த டோக்கனையோ இந்த ஸ்டேஷன் மாஸ்டர் தாமாக எடுக்க முடியாது. மின்சாரக் கம்பியால் பிணைத்த இரண்டு பெட்டிகள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் அங்கே சம்மதம் கொடுத்தால்தான் இங்கே பெட்டி திறந்து டோக்கன் வெளியே வரும்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வண்டி நிற்கிறது. நீராவி நிறைந்திருக்கிறது. பிரயாணிகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன என்ஜினோ! ஓட்டை என்ஜின்!" என்கிறார்கள். என்ஜினில் என்ன குறை? அடுத்த ஸ்டேஷனில் மணியடித்தபோது பதில் சொல்ல ஆள் இல்லை. அவ்வளவுதான்.

கெர்பரோஸ் கொடுப்பதும் அப்படி ஒரு டோக்கனைத்தான். ரகசியச் சொல் கம்பி வழியே போவதே இல்லை. நீங்கள் நீங்கள்தான் என்று தீர்ந்ததும், இன்ன நேரம் வரையில் செல்லும் என்று ஒரு சீட்டு வருகிறது. பழைய சீட்டைத் திருடி மறுபடி நீட்டுகிறவரைத் தடுப்பதற்காக, யந்திரத்தின் கடிகாரமும் காவலரின் கடிகாரமும் ஒத்திருக்க வேண்டும் என்று விதி. வழக்கமாக ஐந்து நிமிஷத்துக்கு மேல் பிசகினால் சீட்டுச் செல்லாது.

*

சரி, காவலர் எங்கே இருக்கிறார் என்று யந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

முன்னே வலையில் இருந்த யந்திரங்களின் பெயர்களையெல்லாம் கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் குழுவினர் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். ஊர் பெருத்ததும் பட்டியல் தாங்கவில்லை. 1983-ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர், பட்டியலைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒருவரிடம் இல்லாவிட்டால் இன்னொருவரைக் கேட்கும் பெயர்ப் பதிவு முறையை வகுத்தார். டி.என்.எஸ். என்பது அதுதான்.

2000-ஆம் வருஷம் பிப்ரவரி 17-ஆம் தேதி மைக்ரோஸாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'விண்டோஸ் 2000' இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. 'ஆக்டிவ் டைரக்டரி' என்று பெயரிட்ட அந்த ஏற்பாட்டில், யந்திரம் முதலில் பெயர்ப் பதிவாளரைக் கேட்டுக் காவலரின் இருப்பிடத்தை அறிய வேண்டும். பிறகு காவலரிடம் போய்ச் சீட்டு வாங்க வேண்டும். உலகத்து ஆபீஸ்களில் பெரும் பகுதி அந்த ஏற்பாட்டுக்குள் வந்துவிட்டது.

தகராறு இங்கேதான் ஆரம்பம். புதிதாக இண்டர்நெட் கொடுக்க வந்த ஆள், யந்திரத்தில் உள்ள பெயர்ப் பதிவாளரின் முகவரியை மாற்றி வைத்துவிட்டுப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருலகத்துப் பெயரெல்லாம் அந்தப் புதிய பதிவாளருக்குத் தெரியும். ஆபீசுக்குள் இருக்கும் காவலரின் பெயர் மட்டும் தெரியாது. யந்திரம் அவரைக் கேட்கிறது, பிறகு தெருவில் நின்று கூவிக் கேட்கிறது, காத்திருக்கிறது, மறுபடி கேட்கிறது. இன்னொரு தகராறு: தென்காசிக் கிளையின் எண்கள் ஆக்டிவ் டைரக்டரியின் புத்தகத்தில் எழுதப்படவில்லை. திருநெல்வேலியில் ஒரு காவலர் சும்மா உட்கார்ந்திருக்க, நம் யந்திரம் அறுநூறு கிலோமீட்டர் தாண்டிச் சென்னைக் காவலரின் கதவைத் தட்டப் போய்விடும்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கதவு உடனே திறப்பதில்லை. ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு சௌகரியத்தைச் சேர்த்துக்கொண்டே வந்தோம். எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் மேஜை உங்களைத் தேடி வர வேண்டும் என்றோம். மேஜையைச் சுமந்து வர நேரம் ஆகிறது. ஆபீஸ் விதிகள் தாமாக அமலுக்கு வர வேண்டும் என்றோம். விதிகளைப் படிக்க நேரம் ஆகிறது. நுழையும்போதே நாலு காரியங்களைச் செய்யும்படி 'ஸ்கிரிப்ட்' எழுதி வைத்தோம். அதில் ஒரு காரியம் முடங்கினால் வழக்கமான ஏற்பாட்டில் பத்து நிமிஷம் வரையில் பொறுத்திருக்கும் பெருந்தன்மை யந்திரத்துக்கு உண்டு! வலையில் சுழல் விழுந்து செய்திகள் சுற்றிச் சுற்றி வராமல் தடுக்க, ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார் 1985-ல் ஓர் அருமையான உபாயம் கண்டார். அதன் பழைய முறைப்படி, கம்பியைச் செருகினால் பதினைந்து விநாடி கவனித்து, இன்னொரு பதினைந்து விநாடி கற்றுக்கொண்டு, பிறகுதான் வழி விடும். ஆகவே தினமும் சரியாக முப்பது விநாடி தாமதம் என்றால், வலைப்பெட்டியைப் பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலில் இருப்போர் அறிந்த ரகசியம்.

நேற்று ஒரு தொல்லைக்குக் கண்ட மருந்துகள்தாம் இன்றைக்கு நம்மை வாசலில் நிறுத்தி வைத்திருப்பவை. இவற்றில் ஒன்றையும் முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. அதுதான் இதிலுள்ள சங்கடம்.

*

தென்காசியில் ஓர் ஆபீஸ், பெயர் வேண்டாம். ஒரு காரியமாகப் போயிருந்தபோது, மேலே சொன்ன வட்டம் அங்கே சுற்றிக்கொண்டிருந்தது. புதிய யந்திரங்கள் கேட்டு மனு எழுதித் தயாராக இருந்தது. அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வந்திருந்தான் ஒரு பையன். இருபத்துநாலு இருபத்தைந்து வயசு இருக்கும். திருப்புளியை எடுத்துப் பெட்டியைக் கழற்றப் போகிறான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஒரு காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தான்.

"அண்ணாச்சி, உங்க பேரைப் போட்டு நுழைங்க. நான் நேரம் பாக்கேன்" என்றான்.

"நேரம் என்ன தம்பி பாக்க? எல்லாம் கிழட்டு மிஷினு" என்றார் பெரிய குமாஸ்தா.

"மிஷின் கிழடா, வழி தூரமான்னு பாத்திருவோம் அண்ணாச்சி."

ஏழு நிமிஷம் ஆயிற்று. எழுதிக்கொண்டான். அதே யந்திரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரை நுழையச் சொன்னான். இரண்டரை நிமிஷம். பெரியவரைப் பக்கத்து யந்திரத்துக்கு அனுப்பினான். அங்கேயும் ஏழு நிமிஷம்! கடைசியாக வலைக் கம்பியையே பிடுங்கிவிட்டு நுழையச் சொன்னான். முன்பு நுழைந்தவர்களை யந்திரம் நினைவில் வைத்திருக்கும்; ஆகையால் காவலர் இல்லாமலும் உள்ளே விட்டுவிடும். வந்தது வெறும் மேஜைதான். ஒரு காகிதமும் இல்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது.

நாலே பரீட்சைகள். ஒரு திருகாணிகூடக் கழற்றவில்லை. நான் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் இருந்தது. கம்பியைப் பிடுங்கினால் வேகம். ஆகவே யந்திரம் குற்றவாளி அல்ல. பக்கத்துக்காரருக்கும் இரண்டரை நிமிஷம்; ஆகவே எல்லோருக்கும் பொதுவான ஒரு தாமதம் உண்டு. பெரியவர் எங்கே போனாலும் ஏழு நிமிஷம். ஆகவே அவரைத் தொடர்ந்து வருகிற தாமதம் வேறொன்றும் உண்டு. நோய் ஒன்றல்ல, இரண்டு.

பிறகுதான் யந்திரத்தின் தினசரிக் குறிப்பைத் திறந்தான். எந்த வேலைக்கு எத்தனை விநாடி ஆயிற்று என்று அது தானே எழுதி வைத்திருக்கிறது. 2007-ல் வெளிவந்த 'விஸ்டா' முதற்கொண்டு, விதிகளைப் படித்து முடிக்க ஆன நேரத்துக்குத் தனிக் குறிப்பே இருக்கிறதாம். படிக்கிறவர்தான் இல்லை.

பொதுவான தாமதம் எங்கே என்று தெரிந்தது. முந்தின வருஷம் ஒரு பழைய சர்வருக்கு ஓய்வு கொடுத்துத் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஸ்கிரிப்டுக்கு யாரும் அந்தத் துக்கச் செய்தியைச் சொல்லவில்லை. அது தினமும் காலையில் விசுவாசமாகப் போய், இல்லாத சர்வரின் மூன்று அலமாரிகளையும் ஒரு பிரிண்டரையும் தேடி, ஒவ்வொரு தடவையும் பதிலுக்காகக் காத்திருந்து, ஏமாந்து திரும்பிக்கொண்டிருந்தது.

மற்றது? பெரியவர் தம் பேத்தியின் காதணி விழா வீடியோக்களைத் திரையின் முகப்பில் ஆசையோடு வைத்திருந்தார். அங்கே வைப்பதெல்லாம் அவருடைய மேஜையோடு சேர்ந்தது. மாலையில் சர்வருக்குப் போகும். இங்குள்ள பிரதி அழிந்துவிடும். காலையில் முழுவதும் திரும்பி வரும். ஆக, தினந்தோறும் பத்து மணிக்கு, அந்த மெல்லிய கம்பி வழியே ஒரு காதணி விழா முழுவதும் மேளதாளத்தோடு ஊர்வலம் வந்துகொண்டிருந்தது!

பெரியவர் சிரித்துவிட்டார். "ஒருத்தரும் சொல்லலையே தம்பி" என்றார். வாஸ்தவம். யாரும் சொல்லவில்லை. அவர் மேல் என்ன தப்பு?

வீடியோக்கள் தனித் தட்டில் ஏறின. ஸ்கிரிப்டில் நாலு வரிகள் மறைந்தன. மறு வாரம் போனபோது வட்டம் ஒரு நிமிஷத்துக்குள் நின்றது. மனு மட்டும் போயிருந்தால்? புத்தம் புதிய யந்திரங்கள் பளபளவென்று வந்து உட்கார்ந்து, அதே ஏழு நிமிஷம் காத்திருந்திருக்கும்.

*

தாமதத்தை ஒழிக்காமல் மறைத்துவிடுகிற வழியும் சரித்திரத்தில் உண்டு. 2001-ல் வந்த 'விண்டோஸ் எக்ஸ்.பி.', வலை தயாராகும்வரை காத்திராமல், பழைய நினைவைக் கொண்டு ஆளை உள்ளே விட்டுவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் மேலிடத்தில் ஒரு விதியை மாற்றினால், சில விதிகள் அமலுக்கு வர இரண்டு மூன்று தடவை நுழைய வேண்டியதாயிற்று. காத்திருப்பு ஒழியவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சரித்திரத்தில் தென்காசிக்கும் ஒரு பங்கு உண்டு. 1996-ல் 'அட்வெண்ட்நெட்' என்ற பெயரில், வலைகளை மேற்பார்க்கும் மென்பொருள் செய்யத் தொடங்கிய நிறுவனம், 2009-ல் 'ஜோஹோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2011-ல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஒரு காரியாலயம் திறந்தது. ஆக்டிவ் டைரக்டரியில் யார் எப்போது நுழைந்தார்கள் என்று கவனிக்கும் மென்பொருளை உலகத்து ஆபீஸ்களுக்கு விற்கும் நிறுவனம் அது. சாரல் அடிக்கும் மலையடிவாரத்தில், சுற்று வட்டாரத்துப் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். அந்த ஞானம் நாலைந்து மைல் நடந்து ஊருக்குள் வந்து, ஜன்னலுக்கு முன் நிற்கும் பெரியவருக்கும் உதவ வேண்டும் என்பது என் ஆசை. அதற்குப் பெரிய பட்டம் தேவையில்லை. காகிதமும் பென்சிலும் போதும்.

ஏனென்றால் காவலர்கள் இனிமேல் இன்னும் தூரம் போகப் போகிறார்கள். ஆபீஸ் அறையில் இருந்தவர் தலைநகருக்குப் போனார். இப்போது கடல் கடந்தும் போய்விட்டார். 2021-ஆம் வருஷம் அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக் நிறுவனத்தின் வலை ஆறு மணி நேரம் உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தது. பழுது பார்க்க வேண்டிய எஞ்சினியர்களின் கருவிகளும் அதே வலையை நம்பியிருந்தபடியால், அவை அவர்களுக்கே உதவாமற் போயின. உலகத்தில் தலைசிறந்த யந்திரங்கள் அங்கே இருந்தன. பெயர் கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பல பேருக்குப் பொதுவாக ஒரு காவலரை வைப்பது என்று தீர்மானித்த நாளிலேயே காத்திருப்பதற்கும் நாம் கையெழுத்துப் போட்டுவிட்டோம். அதை முற்றிலும் ஒழிக்க முடியாது. ஆனால் காரணமில்லாத காத்திருப்பை ஒழிக்கலாம். "யந்திரத்துக்கு எத்தனை வயசு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "யாரைக் கேட்டு நிற்கிறது? யார் பதில் சொல்லவில்லை?" என்று கேட்கப் பழக வேண்டும். முதல் கேள்விக்கு விடை வாங்கப் பணம் வேண்டும். இரண்டாவதற்குக் கொஞ்சம் பொறுமை போதும். சுரண்டைப் பெரியவரிடம் இருக்கிற பொறுமையில் பத்தில் ஒரு பங்கு மேஜைக்கு அந்தப் பக்கமும் இருந்தால், அவர் பகல் பஸ்ஸைப் பிடித்து, வீட்டில் சாப்பிடலாம்.